பொனட்டில் பாதி விபூதி

எங்கள் காரின் பொனட்டுக்கு நடுவே நீளவாக்கில் ஒரு ஒட்டுநாடா ஓடியது. அதற்கு இடப்பக்கம், கனடாவிலிருந்து வந்திருந்த என் அண்ணா கொண்டுவந்த ஸ்பிரே டின். வலப்பக்கம், நுகேகொடையில் ஒரு கார்ச் சாமான் கடையில் வாங்கிய ஸ்பிரே போத்தல். இரண்டில் எது பெயின்டை நன்றாகக் காப்பாற்றும் என்று என் கணவர் சோதித்துக்கொண்டிருந்தார். வடக்கில் சண்டை, கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, இந்த மனுசனுக்கோ பொனட்டில் தண்ணீர் எப்படி உருளுகிறது என்பதுதான் கவலை. நான் எரிந்து விழாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கார் பழைய ஜப்பான் கார், கருநீலம். அதை மதிலோரம் வெளியில்தான் விடவேண்டும். இரவு முழுக்கக் கடற்காற்று அடிக்கும். காலையில் விரலை வைத்தால் பொனட் பிசுபிசுக்கும். போதாததற்கு மேலே மின்கம்பியில் காகங்கள். எங்கள் ஒழுங்கையில் நின்ற கார்கள் எல்லாம் சில வருடங்களிலேயே கூரை வெளிறி, கதவு விளிம்பில் துருப்பிடித்துவிடும். ஆகவே ஏதாவது பூச்சு அடிக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கிடைத்ததை அடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட வரவேண்டியதுதானே?

அவரால் அது முடியாது. முதலில் கழுவுவார். துடைப்பார். பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவுவார். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பொலித்தீனுக்குள்ளால் தெரியுமாம். வெளிநாட்டு டின்னை அடித்தால் உடனே துடைத்துவிட வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் சுணங்கினால் திட்டுத் திட்டாய்ப் படிந்து, பிறகு தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுவிடும். நுகேகொடைப் போத்தல் அப்படி இல்லை. சுலபமாய்த் துடைபடும், அடித்த உடனேயே பளபளக்கும், வாசமும் நன்றாக இருக்கும். ஆனால் அது முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று போத்தலில் போட்டிருந்தது. கொஞ்ச நாள் போனதும் மூடியில் துளை போட்ட தண்ணீர்ப் போத்தலோடு வந்து இரண்டு பக்கமும் தெளித்துப் பார்ப்பார். பூச்சு இருக்கிற இடத்தில் தண்ணீர் மணி மணியாய் நிற்கும். பூச்சுப் போன இடத்தில் பரந்து படிந்துவிடும். மேல்வீட்டு அன்ரி பல்கனியில் நின்று, "தம்பி, காருக்குக் கலியாணம் பேசியாச்சோ?" என்று கேட்பா. இவர் சிரித்துவிட்டுத் தெளித்துக்கொண்டே இருப்பார்.

அவருக்குக் காரில் இருந்தது ஆசை இல்லை என்பதைச் சொல்லவேண்டும். அவர் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தவர். கார் வாங்குவதற்கு முன் பஸ்ஸில்தான் போய்வந்தார். ஒருநாள் மாலை பஸ்ஸை மறித்து அடையாள அட்டைகளைப் பார்த்தவர்கள், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று கண்டு அவரை மட்டும் இறக்கிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம்தான் பொலிஸ் நிலையத்திலிருந்து வந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்டேன், "ஒண்டுமில்லை" என்றார். போட்டிருந்த சேர்ட்டை என்னிடம் தராமல் தானே கிணற்றடியில் துவைத்தார். அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் ஏறவே இல்லை. அந்த ஒரு இரவுக்காகத்தான் கார் வந்தது.

பளபளப்பும் அதற்காகத்தான். அதை அவர் வாய்விட்டுச் சொன்னது ஒரேயொரு தடவை, நான் துணியைப் பிடுங்கி எறிந்த அன்று.

"மினுங்கிற கார்களை அவங்கள் மறிக்கிறேல்லை. கவனிச்சுப் பாரும். தூசு படிஞ்ச வானைத்தான் ஓரங்கட்டச் சொல்லுவாங்கள்."

"மினுங்கிற காருக்குள்ள தமிழர் இருக்க மாட்டினமோ?"

"இருக்கலாம். ஆனா மறிக்கிறவன் அப்பிடி நினைக்கிறேல்லை."

அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் காரில் நாங்கள் ஒழுங்காகப் போய்வந்தோம். காலையில் என்னைக் கோட்டையில் என் அலுவலகத்தில் இறக்கிவிட்டு அவர் கொட்டாஞ்சேனைக்குப் போவார், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவார். சாவடியில் கையசைத்துப் போகவிடும்போது அவருடைய தோள் கீழே இறங்கும்.

சரஸ்வதி பூசை முடிந்த கையோடு வாகன பூசை. அதை விடுகிற துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை. பிள்ளையார் கோயில் வாசலில் கார்கள் வரிசையாய் நிற்கும். ஐயர் பொனட்டில் மூன்று குறி விபூதி இழுத்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, தேங்காய் அடித்து, தேசிக்காயைக் கார்ச் சில்லால் நசித்துக்கொண்டு போகச் சொல்லுவார். போகிறவர்கள் நேரே காலி வீதிக்கு ஏற மாட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஒழுங்கை இருக்கிறது, எல்லாக் கார்களும் அங்கே போய் நிற்கும். எல்லோரும் ஈரத்துணியோடு இறங்கி, சாவடிக்காரர் கண்ணில் படுவதற்கு முன் ஐயர் இப்போதுதான் இட்டதை அழிப்பார்கள். டொக்டர்மார், கடை முதலாளிகள், கணக்காளர்கள் எல்லாம் குனிந்து துடைப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பிள்ளையாருக்கு விளங்கும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்துக்கொண்டோம். அந்த ஒழுங்கையை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அந்த வருடம் பூசைக்கு முதல்நாள் மாலை, வலப்பக்கம் மங்கிவிட்டதென்று இவர் நுகேகொடைப் போத்தலை எடுத்து இன்னொருமுறை அடித்தார். ஒரு நாள் தொடக்கூடாது என்று போட்டிருக்கிறதே என்றேன்.

"பொனட்டில ஆர் வந்து கை வைக்கப் போகினம்?" என்றார்.

மறுநாள் காலை ஒட்டுநாடாவை உரித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். ஐயர் நிறைந்த மனதோடு, பொனட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அகலமாய் மூன்று குறி இழுத்தார். நடுவில் ரூபாய்க் குற்றி அளவில் சந்தனம். பின்ஒழுங்கையில் இவர் அதைத் துடைத்தார். வெயிலில் சாய்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.

அந்தக் கிழமையே மாலை மழை தொடங்கிவிட்டது. வேலை முடிந்து வரும்போது கொள்ளுப்பிட்டி தாண்ட இடியோடு பிடித்துக்கொண்டது. பம்பலப்பிட்டிச் சாவடிக்கு முன்னால் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் நான் அதைக் கண்டேன். என் பக்கத்து இடப்பாதி முழுக்க மணி மணியாய்த் தண்ணீர். அவர் பக்கத்து வலப்பாதியில் மட்டும், மணிகளுக்கு நடுவே, தண்ணீர் பரந்து படிந்த மூன்று பட்டைகள். அவை பொனட்டின் நடுவில் வந்து வெட்டினாற்போல் நின்றன. அந்த இடத்தில் பாதிச் சந்தனப் பொட்டு. இறுகாத பூச்சை விபூதியும் ஈரத்துணியும் சேர்த்து எடுத்திருக்கின்றன. காய்ந்திருந்தவரை தெரியவில்லை, மழை வந்ததும் எழும்பிவிட்டது.

அவரும் கண்டுவிட்டார். வைப்பரை வேகமாகப் போட்டார், அது ஏதோ பொனட்டையும் துடைத்துவிடும் என்பது போல.

"இறங்கித் துடைக்கட்டோ?"

"விசரே உங்களுக்கு? வரிசைக்க இறங்கினா அதுக்கே பிடிப்பாங்கள். பேசாம இருங்கோ."

அந்த மூன்று பட்டையைத் தவிர உலகத்தில் வேறொன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மழைக்கோட்டுப் போட்ட இராணுவக்காரன் போகவிடத்தான் கையைத் தூக்கினான். பிறகு பொனட்டைப் பார்த்தான். குனிந்து, பெருவிரலால் ஒரு பட்டையைத் தேய்த்தான். அது போகவில்லை.

"கோவிலட கியாத?" என்றான். கோயிலுக்குப் போனாயா என்று கேட்கிறான்.

இவர் ஓம் என்று தலையாட்டினார். அடையாள அட்டையைக் கொடுத்தார். அவன் அதை வாசித்துவிட்டு, ஓரமாய் விட்டு இறங்கச் சொன்னான்.

இவரை நடைபாதைப் பக்கமாய், பொனட்டின் இடப்பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எட்டினால் தொடலாம் போன்ற தூரம். மழை அவருடைய தலையில் இறங்கி மூக்கு நுனியால் ஒழுகியது. ஒருதரமாவது என்னை நிமிர்ந்து பார்ப்பார் என்று இருந்தேன். அவர் பொனட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் குனிந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்னால் டிக்கியைத் திறந்தவன் டின்னையும் போத்தலையும் கண்டுவிட்டு என்னை இறங்கச் சொன்னான். டின்னைக் குலுக்கினான், மணந்து பார்த்தான். இது என்ன, ஏன் இரண்டு என்று கேட்டான். எனக்குத் தெரிந்த ஓட்டைச் சிங்களத்தில், கார் பெயின்டுக்கு அடிப்பது, ஒரு பக்கத்துக்கு ஒன்று, மற்றப் பக்கத்துக்கு மற்றது, எது நல்லதென்று பார்க்கிறார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத் தெரிந்தது. அவன் போய்ப் பொனட்டின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தான். தங்களுக்குப் பெரியவனைக் கூப்பிட்டுக் காட்டினான். கொழும்பில் இருக்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவைக் கேட்டார்கள், நான் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாவடி மேசையடியில் நின்று எதையோ கதைத்தார்கள். பின்வரிசைக் கார்கள் ஹோன் அடித்தன. கடைசியில் பெரியவன் அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னான்.

காரை எடுத்தோம். அவருடைய சேர்ட்டிலிருந்து தண்ணீர் சீற்றில் வடிந்தது. வெள்ளவத்தைப் பாலம் கடந்தோம்.

"அண்ணா தந்த டின்தான் நல்லம்," என்றார் திடீரென்று. "இடப்பக்கம் ஒரு இடத்திலயும் படியேல்லை. எல்லாம் முத்து முத்தா நிக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க நிண்டு அதையோ பார்த்தனீங்கள்? நான் உள்ளுக்க செத்துக்கொண்டிருக்கிறன், ஒருக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கேல்லை. தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள்!"

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்:

"தலையை நிமிர்த்தக் கூடாதெண்டு சொன்னவன். வேற எங்க பார்க்கிறது?"