அக்கா பார்த்த ஒயின் சிவப்பு

காது குடையும் பஞ்சுக் குச்சியைப் புட்டிக்குள் விட்டு, புட்டியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, தாளின் மேல் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. பிறகு அக்கா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருபது எண்ணுவார். எண்ணி முடியும்வரை அந்த மேஜைப் பக்கம் யாரும் தும்மக்கூடாது. ஈர மை வேறு நிறம், காய்ந்த மை வேறு நிறம் என்பது அவர் கட்சி. ஈரத்திலேயே பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களை அவர் மனிதர்களாக மதிப்பதில்லை. இருபது ஆனதும் அன்றைக்குப் பேனாவை எடுத்து, எல்லா மைக்கும் எழுதிப் பார்க்கிற அதே வாக்கியத்தை எழுதினார்: ‘மழை இல்லை, வெயிலும் இல்லை, துணி மட்டும் காயவில்லை.’ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

“இதுக்குப் பேரு ஒயின் ரெட்டாம், தம்பி. செங்கல்லைப் பொடி பண்ணிக் கரைச்சு ஊத்தியிருக்கான். டப்பா மேல மட்டும் திராட்சைக் கொத்து!”

எனக்கு அது கறுப்புத் திராட்சையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி, நல்ல ஒயின் சிவப்பாகவே தெரிந்தது. ஆனால் நிற விஷயத்தில் அக்காவோடு மல்லுக்கு நிற்க எனக்கென்ன பைத்தியமா? “ஆமாங்க்கா, கொஞ்சம் அப்படித்தான்” என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்து, “தம்பி, புதுசு வந்திருக்கு” என்று குரல் வந்தால் நான் கையிலிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போயாக வேண்டும். ஆறு வருஷமாக இது நடக்கிறது. மையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதுதான் என் தகுதி. தெரிந்தவர்கள் வந்தால் வாய் ஓயாது, தெரியாதவன் என்றால் தலையாட்டுவான் என்று அக்கா என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். பால்கனிக் கதவை ஒட்டி ஒரு குட்டி மேஜை, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடித் தம்ளர்கள், கிழிந்த பனியன் துணி, மை ஒற்றும் தாள். வெளிச்சத்தை மறைக்காத மூலையில் என் நாற்காலி. டீ கிடைக்கும், அதை மேஜையில் வைக்க அனுமதியில்லை, கையிலேயே பிடித்துக் குடித்து முடிக்க வேண்டும்.

அக்காவுக்குத் தொழில் பல் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்ப, உடைந்த பல்லுக்கு உறையும் விழுந்த பல்லுக்கு மாற்றும் செய்து கொடுக்கிற லேப் ஒன்றில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறார். பீங்கான் பொடியைக் குழைத்து, மீசை முடி மாதிரி மெல்லிய பிரஷால் படலம் படலமாக ஏற்றி, உலையில் சுட்டு எடுப்பார். பல் என்றால் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கிற நம்மைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம். “ஈறுகிட்ட லேசா தேன், நடுவுல பாலு, நுனியில மழை மேகம். இதுல வெள்ளை எங்கய்யா இருக்கு?” என்பார். பக்கத்துப் பல்லோடு புதுப் பல் ஒத்துப்போகிறதா என்று கடைசியாகப் பார்த்து, சரி என்று சொல்லிப் பெட்டியை மூட வைப்பது அங்கே அக்காவின் கண்தான். என்னை முதன்முதலில் மாடிப்படியில் பார்த்த அன்று பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. “மேல் வரிசையில ஒண்ணு கட்டினதுதானே? இன்னும் அரை ஷேடு கூட்டியிருக்கணும். யாரு செஞ்சா?” என்றார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறிந்தவரை உலகத்தில் வயர்களுக்கு இருக்கிற நிறங்கள்தான் உண்டு; மற்றவை எல்லாம் ‘அதுல ஏதோ ஒண்ணு’. பேனா கழுவிக் கழுவிக் கறைபிடித்த வாஷ்பேசினைத் தேய்க்கிற பொறுப்பு அவருடையது. “ஊர்ல எல்லாரும் பாத்திரம் கழுவுறாங்க, என் தலையெழுத்து, பேனா கழுவுற வீட்ல வாழ்க்கைப்பட்டேன்” என்று தேய்த்துக்கொண்டே சொல்வார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரன் மைக்கு வைத்த பெயரை நோட்டின் ஓரத்தில் பொடியாக எழுதிவிட்டு, தான் வைத்த பெயரைப் பெரிதாக எழுதுவது அக்காவின் வழக்கம். ஒரு சாம்பல் நிறத்துக்கு ‘பஸ்ஸைத் தவறவிட்ட காலை’ என்று பெயர். கருகருவென்று ஒரு நீலத்துக்கு ‘மாமியார் முகம்’. வீட்டுக்காரர் அதை எதேச்சையாகப் படித்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். முந்நூற்றுச் சொச்சம் மைகள் இப்படி அந்த நோட்டுகளில் இருக்கின்றன. அவற்றால் அக்கா யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை. “எழுதறதுக்கு என்ன இருக்கு? கலரைப் பார்த்தாப் போதாதா?” என்பார்.

ஒயின் சிவப்புக்கு வருவோம். அந்த மைக்கு அவர் பெயரே வைக்கவில்லை. பேனாவில் பழைய மை மிச்சம் இருந்து இதோடு கலந்துவிட்டது என்று முதலில் பேனாமேல் சந்தேகம். மூன்று தடவை கழுவி, ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் எழுதினார். பழுப்பு. தாள்தான் மஞ்சள் என்று வேறு தாள் வாங்கினார். பழுப்பு. காலை வெளிச்சம் சரியில்லை என்று மத்தியானம் எழுதினார். மத்தியான வெளிச்சம் சரியில்லை என்று சாயங்காலம். கடைசியில் புட்டியையே கடைக்குத் திருப்பி அனுப்பி, கடைக்காரரோடு போனில் சண்டை போட்டு, வேறு புட்டி வரவழைத்தார். கடைக்காரர் பாவம், “இதுதாங்க எல்லாரும் பிடிச்சு வாங்குற கலரு” என்று கெஞ்சியது எனக்கே கேட்டது. அதுவும் வந்தது. பஞ்சுக் குச்சி, ஒரே இழுப்பு, இருபது எண்ணிக்கை. அதுவும் செங்கல்தான்.

அதே வாரம் லேப்புக்கு ஒரு பல் திரும்பி வந்தது. யாரோ ஓர் அம்மாளுக்குச் செய்த முன் பல். பக்கத்துப் பல்லைவிட மஞ்சளாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் நிறம் சரியில்லை என்று அக்காவுக்குத் திரும்பி வந்த முதல் பல் அது. “அந்தாளு ரூம்ல குண்டு பல்பு போட்டுக்கிட்டுப் பார்த்திருப்பாரு. அதுல பார்த்தா எவன் பல்லும் மஞ்சளாத்தான் இருக்கும்” என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். நானும் அந்த டாக்டரைத் திட்டினேன். திட்டும்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. இரண்டு புட்டியும் தப்பு, தாளும் தப்பு, வெளிச்சமும் தப்பு, டாக்டரும் தப்பு என்றால் எங்கேயோ இடிக்கிறதே! ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் கண்ணைக் குறை சொல்வது பாடகரிடம் போய்த் தொண்டை சரியில்லை என்பது மாதிரி. அந்த ஞாயிறு நான் கோழையாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். காபி வடிகட்டும் தாளை நாடா மாதிரி நறுக்கி, அடியில் ஒரு பொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் படுகிற மாதிரி தம்ளரில் நிறுத்தினார். தண்ணீர் ஏற ஏற, மைக்குள் என்னென்ன சாயம் கலந்திருக்கிறது என்று தனித்தனியாகப் பிரிந்து காட்டிவிடும். “இப்ப தெரிஞ்சுடும் பாரு இவன் வண்டவாளம். உள்ள பழுப்புச் சாயத்தைத்தான் கலந்திருக்கான்” என்றார். மூவரும் குனிந்து பார்த்தோம். வாஷ்பேசின் தேய்க்கிற பிரஷோடு வீட்டுக்காரரும் வந்து நின்றார்.

மேலே இளஞ்சிவப்பு ஏறியது. அதற்குக் கீழே, விரல் அகலத்துக்கு, பளிச்சென்று ஓர் ஊதாப் பட்டை நின்றது.

“மேல ரோஸ்” என்றார் அக்கா. “கீழ வெறும் அழுக்கு.”

வீட்டுக்காரர்தான் பேசினார். மனிதருக்குச் சூதுவாது கிடையாது. “அழுக்கா? என்னம்மா சொல்ற? ஊதாம்மா. கத்திரிப்பூ மாதிரி நல்ல ஊதா.”

ஊதா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெதுவாக இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தம்ளரைப் பார்த்தார். கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி இடது, மறுபடி வலது. கதவைத் திறந்து பால்கனிக்குப் போய், கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக அப்படிப் பார்த்துவிட்டு வந்தார்.

“இந்தக் கண்ணுக்கு அது லேசாத் தெரியுது. இந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்ல” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

கண் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் அதிகம். புரை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல நீலத்தையும் ஊதாவையும் தின்றுவிடும். மெல்ல நடப்பதால் ஆளுக்கே தெரியாது. சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை, முதலில் வலது, அப்புறம் இடது என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். அக்கா ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. வருகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்.

“எத்தனை பல்லு தம்பி? எத்தனை மாசமா இந்தக் கண்ணு இப்படி இருக்குதோ. எத்தனை பேரு வாயில தப்பான கலரை வெச்சு அனுப்பியிருக்கேன்? திரும்பி வந்தது ஒண்ணு. வாயை மூடிட்டுப் போனவங்க எத்தனை பேரோ? கையை வெச்சு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க தம்பி, பல்லு சரியில்லாதவங்க. நீ பார்த்ததில்லையா?”

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வியாழன் மத்தியானம் லேப்பில் லீவு சொல்லிவிட்டு வரவேண்டும், தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நீளமான அறை, பீங்கான் தூசு, எங்கேயோ ரம்பம் மாதிரி ஒரு மோட்டாரின் கீச்சு. ஜன்னலை ஒட்டி அக்காவின் மேஜை. அதற்குப் பக்கத்து மேஜையில், பத்தொன்பது வருஷமாக அவரோடு வேலை செய்கிற ஒரு பெண்மணி. நடக்கிற சத்தமே கேட்காது என்பதால் அக்கா அவருக்கு வைத்த பெயர் பூனை. தடித்த மூக்குக்கண்ணாடி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. கண் விஷயத்தைச் சொன்னார். பிறகு, “திரும்பி வந்த அந்த ஒண்ணைத் தவிர எத்தனை பல்லு தப்பாப் போச்சுன்னு எனக்குத் தெரியணும். நீ பக்கத்துலயே இருந்தவ. பொய் சொல்லாம சொல்லு” என்றார்.

பூனை கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தார்.

“ஒண்ணும் போகலக்கா.”

“எப்படிப் போகாம இருக்கும்?”

“நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவீங்க. அப்புறம் நான் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மஞ்சள் தூக்கலா இருந்தா மேல் பூச்சு கொடுத்து மறுபடி உலையில வெச்சு எடுத்துடுவேன். அஞ்சு மாசமா அப்படித்தான். ஒரு ஏழெட்டு இருக்கும். அந்த முன் பல்லு போன அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், நான் வரல.”

என் கால்கள் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தன. அக்காவின் கோபம் எனக்குத் தெரியும். தன் வேலையில் இன்னொருத்தர் பிரஷ் வைப்பதை, அதுவும் முதுகுக்குப் பின்னால், அவர் தாங்கமாட்டார். போன வருஷம் ஒருவர் கேட்காமல் அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டதற்கே ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

“ஏன்டி எங்கிட்டச் சொல்லல?” என்றார் அக்கா.

“சொன்னா நீங்க ஜன்னலைக் குறை சொல்லியிருப்பீங்க” என்றார் பூனை. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “அப்புறம் முதலாளிக்குத் தெரியும். கலர் பார்க்கிற வேலையை உங்ககிட்டேருந்து எடுத்து, உங்களை உலையடிப் பக்கம் உட்கார வெச்சுடுவாங்க. அதை எப்படிக்கா நான் பக்கத்துல இருந்து பார்க்கிறது?”

ஜன்னலோர மேஜையில், அன்றைக்கு முடித்து அக்கா கடைசியாகப் பார்ப்பதற்காக வைத்திருந்த பற்கள் ஒரு தட்டில் இருந்தன, பெட்டி மூடாமல். அவற்றை அக்கா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து மேஜைக்குப் போய், பூனையின் முகத்திலிருந்து அந்தத் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, நாற்காலியில் கிடந்த தன் லேப் கோட்டின் நுனியால் நிதானமாகத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். போதவில்லை போல, இன்னொரு தடவை துடைத்தார். அதைப் பூனையின் மூக்கில் நேராகப் பொருத்தி, காதோரம் முடியை ஒதுக்கிவிட்டு, பற்கள் இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.