கடைசி வகுப்பின் விருந்துக்கு நாங்களும் போனோம்

எங்கள் வீட்டுச் சுவரில் மகளின் கடைசி வகுப்புப் படம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் எடுத்த படம் அல்ல. அதில் அவள் பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்கிறாள். அதை நான் மாட்டவில்லை. மாட்டியிருப்பது மொன்ட்ரியாலில் லாசால் பக்கம் ஒரு விருந்து மண்டபத்துக்கு வெளியே, கார் விடுகிற இடத்தில், ஒரு பிள்ளை கைபேசியில் எடுத்தது. நடுவில் மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையோடு நிற்பது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்கள், "அன்ரி, நீங்கள் எப்பிடி இதுக்குள்ள?" என்று கேட்பார்கள். நானும் அந்த வகுப்புத்தான் என்று சொல்லுவேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். இருந்தாலும் சொன்னது பொய் இல்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம் நானும் மகளும் இங்கே வந்து சேர்ந்தோம். என் தம்பி முன்னமே இங்கே இருந்தான். மொன்ட்ரியால்-நோரில் தான் இருந்த கட்டடத்திலேயே எங்களுக்கும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். மகளுக்கு அப்போது பதினாறு வயது. ஊரில் அவள் படித்ததெல்லாம் அரைகுறை. ஓரிடத்தில் புத்தகத்தைத் திறப்பாள், இன்னோரிடத்தில் மரத்தடியில் மூடுவாள். கூடப் படித்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சிலர் இல்லை. அதைப் பற்றி அவள் கதைக்கமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

இங்கே அவளை முதலில் பிரெஞ்சு பழக்குகிற வகுப்பில் விட்டார்கள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு கடைசி வகுப்பில் சேர்த்தார்கள். அவர்களெல்லாம் சின்னதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். இவள் போவாள், இருப்பாள், வருவாள். "இண்டைக்கு ஆரோட கதைச்சனி?" என்று கேட்டால், "ரீச்சரோட" என்பாள். கெட்டிக்காரி, எல்லாப் பாடமும் பாஸ். ஆனால் என் பிள்ளை வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

படிப்பு முடிகிற ஆனி மாதத்தில் அந்த வகுப்புக்கு ஒரு பெரிய விருந்தும் ஆட்டமும் வைப்பார்கள். எல்லாப் பிள்ளைகளும் அதைப் பற்றியே கதை. இவள் மட்டும், "நான் போகேல்லை" என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"ஆரோட போய் இருக்கிறது, அம்மா?"

"நாங்கள் வாறம்தானே!"

"அது படிக்கிற ஆக்களுக்கு மட்டும்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கூப்பிட்டால் வீட்டையே கூப்பிட்ட மாதிரி. யாராவது வாசலில் நின்று தலையை எண்ணுவார்களா? மூன்று நாள் மன்றாடி அவளைச் சம்மதிக்க வைத்தேன். தம்பியின் மனிசி நீல நிறத்தில் ஒரு நீளச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். நான் ஆட்டிறைச்சிக் கறியை மாவில் சுற்றிப் பொரிக்கிற றோல்ஸ் செய்ய இறங்கினேன். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் றோல்ஸைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் நகரத்தின் மற்றக் கோடி, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்தெல்லாம் பிறந்தநாளுக்குச் சொல்லிவிட்டு எடுத்துப்போவார்கள்.

பொரிக்கிற மணத்துக்குத் தம்பி மேலே வந்தான். "அக்கா, அங்க சாப்பாடு குடுப்பினமாம்."

"குடுப்பினம். ருசியாக் குடுப்பினமோ?"

"அப்ப நானும் வேட்டி கட்டட்டோ?"

"கட்டு" என்றேன். கட்டவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு வானை எடுத்தான்.

மண்டப வாசலில் பெண்பிள்ளைகள் மினுங்குகிற உடுப்போடும் ஆண்பிள்ளைகள் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரிக் கட்டின பட்டியோடும் நின்றார்கள். நான் இரண்டு அலுமினியத் தட்டுகளைச் சுமந்துகொண்டு நேரே போனேன். நெடிய ஆசிரியர் ஒருவர் சிரித்தபடியே கையை விரித்து மறித்தார். மகளின் முகம் சிவந்துபோனது.

"அம்மா, நான் சொன்னனான்தானே! நீங்கள் வானுக்குள்ள இருங்கோ. ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன்."

நானும் தம்பியும் திரும்பி வந்து வானில் ஏறினோம். "பட்டுச் சேலை கட்டினவளை வாசலில மறிக்கிற ஊர்" என்றேன்.

தம்பி சிரித்தான். "கோயில் பூட்டினாப்பிறகு பால்குடத்தோட வந்த ஆக்கள் மாதிரி இருக்கிறம், அக்கா."

ஒரு மணித்தியாலம் என்றவள் அதற்கு முன்னரே வந்துவிட்டாள். மேசையில் இருந்த எல்லாரும் ஆட எழுந்து போய்விட, இவள் தனியே இருந்திருக்கிறாள். "போவம், அம்மா" என்றாள். பிள்ளையை நான்தானே வற்புறுத்தினேன்.

றோல்ஸ் தட்டுகள் இருந்த வானின் பின்கதவைச் சூட்டுக்குத் திறந்து வைத்திருந்தோம். அதை மூடுவதற்குத் தம்பி இறங்கினான். அந்த நேரம் சிவப்புச் சட்டை போட்ட ஒரு ஹெயிட்டிப் பிள்ளை, குதி உயர்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காற்று வாங்க வெளியே வந்தாள். வந்தவள் மூக்கை உறிஞ்சினாள். மகளிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"என்ன மணம் எண்டு கேக்கிறாள்."

"கேட்டால் வாயால சொல்லுறதே? குடு!"

ஒரு கடி கடித்தாள். கண்ணில் தண்ணீர். கையால் வாயை விசிறினாள். கெடுத்தேனே என்று நினைத்தேன். மீதியையும் தின்றாள், இன்னொன்றும் எடுத்தாள், மண்டப வாசலில் போய் நின்று ஒரு கூச்சல் போட்டாள்.

"அம்மா, எல்லாரையும் கூப்பிடுறாள்!"

"கூப்பிடட்டும்."

வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராய், முழு வகுப்பும். உள்ளே பெரிய சாப்பாட்டுக் கோப்பையில் சின்னத் துண்டு கோழி வைத்தார்களாம், பிள்ளைகள் பசியோடு ஆடியிருக்கிறார்கள். மகள் எடுத்துக் கொடுக்க, நான் கடதாசித் துண்டு கொடுத்தேன். "மெர்சி, மதாம்! மெர்சி, மதாம்!" என்று ஆளாளுக்கு நன்றி சொன்னார்கள். றோல்ஸுக்குள் என்ன இருக்கிறது, எப்படிச் சுற்றுகிறது, எல்லாவற்றுக்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். என் பிள்ளை அவ்வளவு பிரெஞ்சு கதைத்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு பெடியன் உறைப்பில் துள்ளினான். இவள் அவனிடம் ஏதோ சொன்னாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது.

"என்னடி சொன்னனி?"

"இது பால்குடிப் பிள்ளையளுக்குச் செய்தது, பெரியாக்களின்ர தட்டு மற்றப்பக்கம் இருக்கு எண்டன்."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சின்னதில் சிரிக்கிற மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் தட்டுக்குள் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

கடைசியாக அந்த நெடிய ஆசிரியர் வகுப்பைத் தேடி வந்தார். இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார். நெஞ்சில் கையை வைத்து என்னை உள்ளே வரச் சொன்னார்.

"முதல் மறிச்சவர்தானே. நான் இங்கயே இருக்கிறன் எண்டு சொல்லு" என்றேன். மகள் அதை என்ன மாதிரிச் சொன்னாளோ தெரியாது, அவர் நன்றாகக் குனிந்து கும்பிட்டார். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம்.

சிவப்புச் சட்டைக்காரி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு மணித்தியாலம் முடிஞ்சுது, அம்மா."

"அதை ஆர் பாத்தது? போ."

இந்த நாட்டு ஆனி மாத வெயில் சாய மனமில்லாமல் நின்றது. மண்டபத்துக் கண்ணாடி யன்னலில் நீலச் சட்டை அடிக்கடி வந்து வந்து போனது. தம்பி மணிக்கூட்டைப் பார்த்தான். "நாளைக்கு எனக்கு விடிய வேலை, அக்கா. போய்க் கூப்பிடட்டோ?"

"பேசாமல் இரடா."

கொஞ்சத்தில் அவளே ஓடி வந்தாள். தலை குலைந்து, வியர்த்து, செருப்பு இல்லாமல். என்னவோ ஏதோ என்று கதவைத் திறக்கப் போனேன். யன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டோ?"

"நில்லு, பிள்ளை. ஆசைதீர நில்லு."

தம்பி சீற்றைச் சாய்த்துக் கண்ணை மூடினான். நான் சேலை ஊசியைக் கழற்றி, காலை மடித்து இருந்துகொண்டு, அடித்தட்டில் கிடந்த கடைசி றோல்ஸை எடுத்துக் கடித்தேன். உறைப்பு அளவாகத்தான் இருந்தது.