இடம் பார்க்கப் போன கோடை

பிள்ளைகளே, ஒவ்வொரு கோடையிலும் காரில் சாமான் ஏற்றும்போது நீங்கள் இருவரும் என்னைக் கேட்கிற கேள்விக்கு இந்த முறை எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் எங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கும்போது எதற்காக வாடகை வீடு என்று டெனிஷில் கேட்பீர்கள். போன கிழமை லண்டனிலிருந்து கதைத்த உங்கள் மாமாவும் இதையேதான் தமிழில் கேட்டார். "பெரிய ஆக்களாயிட்டியள் என்ன" என்று ஒரு குத்தும் சேர்த்துக் குத்தினார். நான் சிரித்துவிட்டு விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அது போனில் சொல்லி முடிகிற பதில் அல்ல. அது என் அம்மா சொன்ன பதில்.

நான் வளர்ந்தது டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில். அம்மா ஒரு தையல் ஆலையிலும் அப்பா ஒரு பின்னல் ஆலையிலும் வேலை. எங்கள் வீட்டில் கோடை விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு என்று அர்த்தம். ஜெர்மனியில் மாமி வீடு, பாரிஸில் சித்தப்பா வீடு, சுவிஸில் இன்னொரு மாமா வீடு. போய் இறங்கியதும் ஆண்கள் எல்லோரும் வரவேற்பறையில் அமர்வார்கள். அம்மா கைப்பையை வைத்துவிட்டுத் தலைமுடியை அள்ளி முடிவார். "வெங்காயம் எங்கை கிடக்கு?" என்று கேட்டபடி குசினிக்குள் போவார். திரும்பி வரும் நாளில்தான் வெளியே வருவார். கோடை முடிந்து பள்ளிக்கூடம் போனால், போன இடத்தைப் படமாக வரையச் சொல்வார்கள். பாரிஸ் போய்வந்த டெனிஷ் பிள்ளை கோபுரத்தை வரையும். நானும் பாரிஸ் போனவன்தான். நான் வரைந்தது சித்தப்பா வீட்டுப் பெரிய சோற்றுப் பானையை, ஆவி பறக்கப் பறக்க. ஆசிரியை அதை ஏதோ தேவாலயம் என்று நினைத்து மெச்சினார்.

அம்மாவின் ஆலையில் இடைவேளை நேரத்தில் டெனிஷ் பெண்கள் தங்கள் விடுமுறைக் கதைகளைச் சொல்வார்களாம். இத்தாலியில் ஒலிவ் மரங்களுக்கு நடுவில் ஒரு வீடு. பூட்டவும் திறக்கவும் திறப்பு உன் கையில். நினைத்த நேரம் எழும்பலாம், நினைத்த ஊரைப் போய்ப் பார்க்கலாம், கடையில் வாங்கிய பாணைத் தின்றுவிட்டுப் படுக்கலாம். அம்மா பல கோடைகளாக இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மாலை, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இந்த முறை ஆரையும் பாக்கப் போறேல்லை. இடம் பாக்கப் போறம்."

அப்பாவுக்குப் புரையேறியது. "இத்தாலிக்கோ? அங்கை அண்ணை இருக்கிறாரெல்லே. அவருக்குச் சொல்லாமலோ?"

"சொன்னால் பிறகு எங்களுக்கு ஏன் வீடு?"

உங்களுக்கு இது விளங்காது, ஆகையால் சொல்கிறேன். அண்ணன் இருக்கிற நாட்டுக்குப் போய்த் தம்பி வாடகை வீட்டில் தங்குவது எங்கள் ஆட்களிடையே சின்ன விஷயம் அல்ல. அண்ணனை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை என்று ஊருக்கு அறிவிப்பது மாதிரி. பெரியப்பா இருந்தது பொலோனியாவில். அம்மா பிடித்த வீடு கார்டா ஏரிக்கு மேலே ஒரு மலைச் சரிவில். இடையில் இரண்டு மணிநேரக் கார் ஓட்டம்கூட இல்லை. அப்பா போகும் வழி முழுக்க, களவெடுக்கப் போகிறவர் மாதிரி ஓட்டினார்.

கல்லால் கட்டிய சின்ன வீடு. ஆறு கோப்பை, ஆறு கதிரை, முற்றத்தில் ஒரு ஒலிவ் மரம், அதன் கீழே ஒரு மேசை. அம்மா வீட்டுத் திறப்பை நூலில் கட்டித் தாலிக்கொடியோடு கழுத்தில் போட்டுக்கொண்டார். சமையல் கிடையாது. பாண், தக்காளி, சீஸ். முதல் நாள் வெரோனாவில் பழைய அரங்கம் பார்த்தோம். அடுத்த நாள் ஏரியில் படகில் போனோம். ஊரெல்லாம் அப்பாவுக்குப் பின்னால் நடந்த அம்மா அங்கே முன்னால் நடந்தார். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வியாழக்கிழமை வெனிஸ் என்று வைத்திருந்தார் அம்மா. மற்ற இடமெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் என்பது மாதிரி, ஒவ்வொரு இரவும் வெனிஸ் பற்றித்தான் பேச்சு.

புதன்கிழமை ஏரிக்கரைச் சந்தைக்குப் போனோம். ஒரு ஐஸ்கிரீம் கடையின் பின்வாசலில் ஏப்ரன் கட்டிய ஒருவர் குந்தியிருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அம்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். பிந்திவிட்டது.

"தமிழோ அண்ணை?"

நாலு நாளாக வாய் திறந்து கதைக்க ஆளில்லாமல் இருந்த அப்பாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "ஓம் தம்பி!"

இரண்டு யாழ்ப்பாணத்தார் வெளிநாட்டில் சந்தித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும். ஊரிலை எவடம்? கோயிலுக்கு அங்காலையோ இங்காலையோ? ஆரின்ரை மகன்? இங்கை எந்த வீட்டிலை நிக்கிறியள்? அதோடு அந்த மனிதர் கையைத் தட்டினார். "அட, அப்ப பொலோனியாவிலை இருக்கிறவர் உங்கடை தமையனெல்லே! நான் இங்கை வந்த புதுசிலை அவரின்ரை வீட்டிலைதானே அண்ணை இருந்தனான்!" உள்ளே ஓடிப்போய் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொண்டுவந்தார். நானும் தங்கச்சியும் நக்கி முடித்தோம். அம்மாவின் ஐஸ்கிரீம் கையிலேயே உருகி மணிக்கட்டால் வழிந்தது.

காரில் ஏறியதும் அம்மா சொன்னது ஒன்றுதான். "பின்னேரம் சாப்பாடு வந்திடும்."

வந்தது. வெயில் இறங்குமுன் பெரியப்பாவின் வான் முற்றத்தில் நின்றது. பெரியப்பா, என் வயதை ஒட்டிய அவரது இரண்டு பெடியன்கள், எனக்கு அண்ணன்மார், துணியில் சுற்றிய இறைச்சிக் கறிப் பானையை நெஞ்சோடு அணைத்தபடி பெரியம்மா. எனக்கும் தங்கச்சிக்கும் திருவிழா. அண்ணன்மார் கையில் புது வீடியோ விளையாட்டுப் பெட்டி இருந்தது. பொலோனியா போனால் இரவெல்லாம் விளையாடலாம்.

பெரியப்பா கதிரையில் அமரவில்லை. "தம்பி, சாமானைக் கட்டு."

"அண்ணை, வந்து..."

"நான் செத்துப்போனன் எண்டு நினைச்சியோ? ஐஸ்கிரீம் கடைக்காரன் சொல்லித்தான் என்ரை தம்பி வந்திருக்கிறது எனக்குத் தெரியவேணுமோ?"

அப்பா ஒலிவ் மரத்தைப் பார்த்தார். அந்த மரத்தில் அவருக்கு உதவக்கூடியதாக ஒன்றும் இருக்கவில்லை. அம்மா தேத்தண்ணியோடு வெளியே வந்தார்.

"இருங்கோ அத்தான். நாளைக்கு நாங்கள் வெனிஸ் போறம். வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கடை வீட்டை வந்து சாப்பிடுறம். தங்கமாட்டம்."

"வெனிஸிலை என்ன பிள்ளை கிடக்கு? தண்ணியும் புறாவும். வீட்டை வா. நீயும் அக்காவும் ஆறுதலாச் சமைச்சுக் கதைச்சுக்கொண்டு இருக்கலாம்."

"அதுக்குத்தான் அத்தான் வரமாட்டன் எண்டுறன்."

அம்மா அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. சத்தம் உயரவில்லை, தேத்தண்ணித் தட்டு ஆடவில்லை. நான்தான் அழுதேன். போவம் அம்மா, போவம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியப்பா தேத்தண்ணியைக் கையால் விலக்கினார். "அப்ப இந்த வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்."

அதற்கு மேல் ஒரு சொல் எங்கள் சனத்திடம் இல்லை. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அம்மா மேசைக்குப் போய்க் கோப்பைகளைப் பரப்பினார். "உங்கடை விருப்பம் அத்தான். கறி ஆறுது, பிள்ளையள் சாப்பிடட்டும்."

அப்போதுதான் அதுவரை பானையோடு நின்ற பெரியம்மா வாய் திறந்தார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பானையைப் பார்த்துச் சொன்னார். "நான் இன்னும் வெனிஸ் பாக்கேல்லை."

நான் பிறக்க முன்னரே இத்தாலிக்கு வந்தவர் பெரியம்மா. ஒரு இத்தாலியக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, சாப்பாட்டை வாயில் தீத்துகிற வேலை. கோடை லீவில்தான் வீட்டில் இருந்தார். வெனிஸுக்கு ரயில் அவரது ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் போகிறது.

"அப்ப வாங்கோவன் அக்கா," என்றார் அம்மா. "காரிலை ஒரு சீற் கிடக்கு."

"உங்களுக்கென்ன விசரோ?" என்றார் பெரியப்பா, இருவரையும் சேர்த்து.

பெரியம்மா பானையை மேசையில் வைத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன மறுமொழி.

வான் அண்ணன்மாரோடும் விளையாட்டுப் பெட்டியோடும் போயிற்று. நான் ஒலிவ் மரத்தை உதைத்தேன். அப்பா, வான் கிளப்பிய புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தார். அம்மா பயந்துபோய் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "வெனிஸ் தூரமெல்லே," என்றார் அப்பா. "பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறன்." அன்றைக்கு அவர் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் பெரியம்மா அம்மாவின் பாவாடையை இடுப்பில் ஊசி குத்திக் கட்டிக்கொண்டு வெனிஸ் வந்தார். பெரிய தேவாலயம், மணிக்கூடு, மாளிகை எல்லாம் அம்மா ஓடி ஓடிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒரு சின்ன வாய்க்கால் பக்கம் படியைக் கண்டார்கள். செருப்பைக் கழற்றினார்கள். தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் புறா காட்டிவிட்டுத் திரும்பினால், அப்படியே இருக்கிறார்கள். இதற்காகவா பெரியப்பாவைப் பகைத்தோம் என்று எனக்கு எரிச்சல்.

நடுப்பகல் மணி அடித்தது. ஊரிலுள்ள எல்லா மணியும் சேர்ந்து அடித்தது. பெரியம்மா திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறது?"

அம்மா அவரைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாலத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்கள். இதில் என்ன பகிடி என்று நானும் தங்கச்சியும் முழித்தோம்.

சிரிப்புக் கேட்டோ என்னவோ, சீருடை போட்ட ஒருவர் வந்தார். கையை ஆட்டி ஆட்டி இத்தாலிய மொழியில் நெடுக ஏதோ சொன்னார். பெரியம்மா மரியாதையாகக் கேட்டு, "சி, சி", ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"என்னவாம் அக்கா?"

"வெயில் கூடவாம். கவனமா இருக்கட்டாம். நல்ல மனிசன்."

இருவரும் அசையவில்லை. அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். முன்பின் தெரியாத எங்களில் இவ்வளவு அக்கறையா என்று நான் அதிசயப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பெரியம்மாவைப் பொலோனியாவில் இறக்கினோம். பெரியப்பா கதவுக்கு வரவில்லை. சாப்பாடும் இல்லை. பானையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதை நிரப்பப் பீச் பழம் வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு பல வருடம் பெரியப்பா அப்பாவோடு கதைக்கவில்லை. தங்கச்சி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்குக்கும் வரவில்லை. பெரியம்மா மட்டும் ரயிலில் தனியாக வந்தார். அவரைக் குசினிக்குள் விடாமல் அம்மா மண்டபத்தில் முன்வரிசையில் இருத்தினார். அப்பா சில இரவுகளில் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதைக் கண்டிருக்கிறேன். அம்மா ஒருநாளும் வருந்தியதைக் காணவில்லை. அடுத்த கோடையிலும் வீடு பிடித்தார். அதற்கடுத்த கோடையிலும்.

ஆகவே பிள்ளைகளே, இனி யார் கேட்டாலும் இப்படிச் சொல்லுங்கள். ஆட்களைப் பார்க்கப் போகிற நாளில் ஆட்களைப் பார்க்கப் போவோம், பழத்தோடும் பாசத்தோடும். இது இடம் பார்க்கப் போகிற நாள். இதற்கு நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

போன கோடையில் வெனிஸில் நீங்கள் உங்கள் அம்மாவோடு ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றபோது நான் கொஞ்ச நேரம் காணாமல் போனேன், நினைவிருக்கிறதா? அந்தப் படியைத் தேடித்தான் போனேன். அதேதானா என்று நிச்சயமில்லை, அங்கே எல்லாப் படியும் ஒரே மாதிரி. ஒரு சப்பாத்தைக் கழற்றி ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டேன். சீருடை போட்ட ஒரு இளைஞர் வந்து கையை ஆட்டி ஆட்டி நெடுக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு ஆங்கிலத்தில் சொன்னார். வாய்க்காலில் கால் விடக் கூடாது, தடை, உடனே எழும்பவேண்டும்.

பெரியம்மாவுக்கு இத்தாலிய மொழி தண்ணீர் பட்ட பாடு.

நான் அந்த இளைஞருக்கு மரியாதையாக "சி, சி" என்று தலையாட்டினேன். அவர் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டு, மற்றச் சப்பாத்தையும் கழற்றினேன்.