ஆடியில் கரடிக்கு வீடு கிடையாது

ஆடி மாதத்தில் குடிவரக் கூடாது என்று என் அம்மா ஒரு கரடியைத் திருப்பி அனுப்பினாள். கரடி ஒன்றும் மனம் நோகவில்லை. சரி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுத் தன் கூடாரத்துக்குள் போய்விட்டது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல குடித்தனக்காரர் கிடைப்பது எவ்வளவு பாடு என்று கரடிக்கு என்ன தெரியும்.

கரடி இருந்தது என் கையடக்க விளையாட்டுப் பெட்டியில். அம்மாவுக்கு அது டப்பா. அந்த டப்பாவுக்குள் ஒரு தீவு, தீவில் பத்து வீடு, வீட்டுக்கு ஒரு மிருகம். எல்லாம் சட்டை போட்டு, காப்பி குடித்து, வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும். சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஜெயிப்பது என்ற பேச்சே கிடையாது. எப்போதாவது ஒரு மிருகம் யோசனையோடு வந்து, நான் வேறு ஊருக்குப் போகட்டுமா என்று கேட்கும். சரி என்றால் மறுநாள் மூட்டை கட்டிவிடும். காலி மனையில் ஒரு பலகை நிற்கும். அந்த மனைக்கு ஆள் பிடிப்பதுதான் ஆட்டத்தின் உயிர். படகேறிக் குட்டித் தீவுகளுக்குப் போய் அங்கே உலாத்துகிறவர்களிடம் பேசிப் பார்க்கலாம். ஊர்க்கோடிக் கூடாரத்தில் தங்க வருகிறவர்களைத் தாஜா பண்ணலாம். இரண்டும் செய்யாமல் சில நாள் இழுத்தடித்தால், கேமே தன் இஷ்டத்துக்கு யாரையாவது கொண்டுவந்து இறக்கிவிடும். இன்னொன்று, அந்தத் தீவில் நம்முடைய தேதிதான் ஓடும். இங்கே செவ்வாய் என்றால் அங்கேயும் செவ்வாய். அப்படியானால் இங்கே ஆடி என்றால் அங்கேயும் ஆடிதான் என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணத்தைக் கோர்ட்டில் முறைப்படி முடித்துக்கொண்டு, ஏழு அட்டைப்பெட்டிகளோடு சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தவள் நான். வேலை கம்ப்யூட்டரில், எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். அம்மா தெருவுக்குச் சொன்ன செய்தி வேறு. மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். நான் சொல்லும் ஆடியில் அந்த லீவுக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அக்கா காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிரும்போதெல்லாம், "என்னட்டி, லீவு இன்னும் முடியலையா?" என்று கேட்பாள். என் விவாகரத்து என் வக்கீலுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பாள்.

லீவுக்கு வந்தவள் பெட்டியைப் பிரித்தால் நன்றாகவா இருக்கும்? ஏழு பெட்டியும் மாடிப்படிக்கு அடியில் அடுக்கிக் கிடந்தன. என் புத்தகங்கள், என் மெத்தைவிரிப்பு, நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மிக்ஸி எல்லாம் அதற்குள். அம்மாவின் மிக்ஸி சட்னி அரைத்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். நான் படுப்பது ஹாலில், சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவில். வேலை பார்ப்பது சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலைத் தள்ளிவைத்துவிட்டு.

தலைக்கு மேலே ஒரு முழு வீடு காலியாகக் கிடந்தது. ஹால், ஒரு அறை, அடுப்படி, மொட்டைமாடிக்குத் திறக்கிற கதவு. அப்பா இருந்தபோது வாடகைக்கென்று கட்டியது. பேங்க்கில் வேலை பார்த்தவர் குடும்பத்தோடு இருந்தார். சித்திரையில் மாற்றலாகிப் போய்விட்டார். மாடியை எனக்குக் கொடு என்று அம்மாவிடம் இரண்டு தடவை கேட்டேன். லீவுக்கு வந்தவளுக்கு எதற்கு மாடி என்று இரண்டு தடவையும் அவள் பேச்சை வெட்டிவிட்டாள். மாடியைக் கொடுத்தால் நான் ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று ஆகிவிடும். அதை அவள் தெருவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, தன்னிடமே ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கோ அந்த மாடி ரொம்ப வேண்டியிருந்தது. குளியலறையைத் தவிர வேறெங்கும் ஒரு கதவைச் சாத்திவிட்டு உள்ளே நான் மட்டும் இருந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது.

வாசலில் டு-லெட் பலகை தொங்கியது. பார்க்க வருகிறவர்களை அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து விசாரிப்பாள். சொந்த ஊர் எது, மொத்தம் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர், விருந்தாள் வரத்து எப்படி. கடைசியில், மொட்டைமாடியில் வத்தல் போடுவீர்களா என்று கேட்பாள். போடுவோம் என்றால் அது அம்மா வத்தல் போடுகிற இடம். போட மாட்டோம் என்றால் வத்தல்கூடப் போடாத குடும்பம் என்ன குடும்பம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒருவர் எல்லாக் கேள்வியிலும் பாஸாகி, போகும்போது பைக்கைக் கிளப்பிய சத்தத்தில் தோற்றுப்போனார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். சொல்லி அனுப்புதேன். யாருக்கும் சொல்லி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப்பட்டவள் கையில்தான் என் தீவு மாட்டியது. வைகாசியில் ஒரு வாத்து போகட்டுமா என்று கேட்டது. போ என்றேன். மறுநாள் காலி மனையில் பலகை நின்றதைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். யாராவது கேட்டு வந்தார்களா என்றாள். அவ்வளவுதான், அன்றையிலிருந்து டப்பா அவளுடையது. பட்டன் அவள் அமுக்குவாள். மிருகங்கள் பேசும் ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். இன்று காற்று நன்றாக இருக்கிறது என்று ஒரு ஓநாய் சொல்லும். ஆள் எப்படி என்று அம்மா என்னைக் கேட்பாள்.

ஓநாயை வேண்டாம் என்றாள், கறி தின்னும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் என்னை நிறுத்துவதே அவள்தான். பன்றியை, நான் வாயைத் திறக்கும் முன்பே வேண்டாம் என்றாள். சேவல் விடிவதற்கு முன் கத்தும். கால்சட்டை போட்ட ஒரு பூனையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனியா வந்திருக்கே. இதுக்கு வீட்டாளுக எங்க?" என்றாள்.

"எல்லாமே தனியாத்தாம்மா வரும்" என்றேன்.

பூனையையும் வேண்டாம் என்றுவிட்டாள். இதற்குள் நாலு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் எங்கள் மனையில் ஒரு தவளை வீடு கட்டி, வாசலில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. கேட்காமல் கொள்ளாமல் எப்படி வரலாம் என்று அம்மாவுக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒரு வாரம் அந்தத் தவளையோடு பேசவில்லை. தவளை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனிக் கடைசியில் ஒரு அணில் போயிற்று. இந்த முறை ஏமாறக் கூடாது என்று அம்மா காலையிலும் மாலையிலும் கூடாரத்தைப் போய்ப் பார்த்தாள். ஆடி இரண்டாம் தேதி அந்தக் கரடி வந்திருந்தது. தோளில் சால்வை, கையில் பின்னல் ஊசி, நிதானமான பேச்சு. அம்மாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இது போதும் என்றாள். நான் மூன்று தடவை பேசி, நயந்து, கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். நாளைக்கே வந்துவிடுகிறேன் என்றது கரடி. நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மாவின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

"ஆவணி ஒண்ணாந்தேதி வரச் சொல்லு" என்றாள்.

அப்படிச் சொல்ல இதில் பட்டன் இல்லை என்று விளக்கினேன். வேண்டுமானால் டப்பாவின் தேதியையே ஆவணிக்கு மாற்றிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள் என்றேன். நாள் கிழமையையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். கரடி போயிற்று.

அதே வாரத்தில் மாடியைப் பார்க்க ஒரு ஆசிரியத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேர்தான், பைக் சத்தம் போடவில்லை. வத்தல் கேள்விக்கு அந்தம்மா, "உங்களுக்கு இடம் போக மிச்சம் இருந்தா போடுவோம்" என்று சொல்லி அம்மாவைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாகப் பேச்சு முடிந்தது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

"கரடிக்கும் பூனைக்கும் இவ்வளவு யோசிக்கியே. எனக்கு ஒரு ரூம் வேணும்னு ஒரு நாளாவது யோசிச்சியாம்மா?" என்றேன்.

அவள் என்னென்னவோ சொன்னாள். ஒற்றைப் பொம்பளை மாடியில் தனியாக இருந்தால் ஊர் என்ன பேசும், எனக்கு என்ன வயதாகிவிட்டது, இன்னொரு மாப்பிள்ளை பார்க்காமலா விட்டுவிடப் போகிறாள், அதுவரைக்கும் கீழே இருந்தால் என்ன குறைந்துபோயிற்று. நான் கோயம்புத்தூரிலேயே ஒரு ஹாஸ்டலில் கிடந்திருக்கலாம் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் சுண்டிவிட்டது. மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. காப்பி மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்தது.

கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்த அன்று, தீவில் அந்தக் காலி மனைக்கு ஒரு ஆடு வந்து சேர்ந்தது. கேமே கொண்டுவந்து இறக்கிய ஆடு. அம்மாவுக்கு வேறு வழியில்லாமல் என்னோடு பேச வேண்டியதாயிற்று. ஆட்டின் வீட்டுக்குள் போனோம். ஒரு சாமான் கிடையாது. நாலு சுவரை ஒட்டியும் அட்டைப்பெட்டி, நடுவில் திருதிருவென்று ஆடு. இன்னும் எதையும் பிரிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றது. மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு என் வேலைக்குப் போனேன்.

மறுநாள் நான் ஆபீஸ் மீட்டிங்கில் ஹெட்போனால் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா டப்பாவைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நீட்டினாள். ஆட்டின் வீட்டில் கட்டில் இருந்தது. விளக்கு, ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி, அடுப்பில் ஒரு கெட்டில். ஒரு பெட்டிகூட இல்லை.

"ஏட்டி, ஒரே நாள்ல எல்லாத்தையும் பிரிச்சிட்டே" என்றாள்.

"அது இருக்க வந்திருக்கு. லீவுக்கா வந்திருக்கு" என்றேன், தலையைத் தூக்காமல்.

அவள் டப்பாவை மேசைமேல் வைத்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்தால் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். முழங்கால் தேய்ந்து, கோயிலுக்கே ஆட்டோவில் போகிற என் அம்மா, என் புத்தகப்பெட்டியை ஒவ்வொரு படியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அடியில் பிடித்தேன். ஆசிரியத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்டேன். வர வேண்டாம் என்று அம்மாவே விடிந்ததும் போன் பண்ணிவிட்டாளாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அதுவும் இப்படி. அந்தம்மாவை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி வேறு வீடு கிடைத்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏழு பெட்டியும் மாடி ஹாலில் வந்து விழுந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆடி மாசம் பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, பால் காய்ச்ச வேண்டாமா, நாள் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"குடிவாரவுகளுக்குத்தான் நாளும் பாலும். நீ என்ன கரடியா?" என்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வீட்டுல கீழ இருந்து மேல ஏறுத. இதுக்கு ஆடி என்ன செய்யும்?" என்றாள்.

மேசையில் உட்கார்ந்து பதினாலு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்த சண்டைப் பேச்சில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

பெட்டிகள் ஏறுகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கோலத்தை அரைகுறையாக விட்டுவிட்டு நடுத்தெருவுக்கே வந்திருந்தாள். "என்ன, பெட்டியெல்லாம் எடுக்கிய? லீவு முடிஞ்சிட்டா?" என்று கீழிருந்து கேட்டாள். குரலில் அவ்வளவு ஆசை. நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு அம்மா என்ன பதில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பால்கனிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"லீவு போன வருசமே முடிஞ்சிட்டு. நான்தான் ஒங்கிட்ட சொல்லல" என்றாள். "இனும இங்கனதான் இருப்பா."

அக்கா என்ன முகம் காட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து முதல் பெட்டியின் டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ. கண்ணில் தண்ணீர் வந்து டேப்பின் நுனியே தெரியவில்லை. அம்மா அதைப் பார்க்காத மாதிரி, மொட்டைமாடிச் சாவியை ஆணியில் மாட்டினாள். காப்பி போடுகிறேன், வா என்றாள். கீழே போகும்போது, நான் அப்போதுதான் வெளியே எடுத்துவைத்த என் மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.