கணுக்கால் பட்டையும் இரண்டு பொய்களும்

அடுத்தவர் உடம்பில் மாட்டுகிற கருவி செய்வது மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுப்பது மாதிரி. வேறு குறை இல்லாவிட்டாலும் அளவில் குறை வரும். பழுதான ரேடியோக்களைப் பிரித்தே எலெக்ட்ரானிக்ஸ் கற்றவன் நான். புனே பக்கம் போசரியில் கதம் சாரின் பட்டறையில் வீக்கம் பார்க்கும் பட்டை செய்துகொண்டிருந்தோம். இதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீங்கினால், மூச்சு முட்டும் முன்பே அது சொல்லிவிட வேண்டும். இழுத்தால் மின்தடை மாறும் ரப்பரா, சுற்றளவு கூடினால் மின்தூண்டல் மாறும் கம்பிச் சுருளா என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இப்படிப் பொறுப்பு விழுந்தவர்களுக்கு மீதி புரியும்.

மறக்காத ரப்பர்

முதலில் ரப்பர் பட்டையை என் காலிலேயே கட்டிக்கொண்டேன். நாளெல்லாம் நின்றதில் சாயங்காலம் வீக்கம் காட்டியது. காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்து எழுந்தேன்; அதே வீக்கம். சில நாள் உப்பில்லாமல் சமைத்தேன். மனைவி போனபின் என் சமையலில் மிச்சமிருந்த ஒரே ருசி உப்புதான், அதுவும் போயிற்று. வீக்கம் மட்டும் போகவில்லை.

புரோகிராம் எழுதும் பிரியா பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். காலே இல்லாமலும் அது வீக்கம் காட்டியது. இழுபட்ட ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பவே இல்லை. பிரியா புனேயில் பிறந்தவள், தமிழை யோசித்துத்தான் பேசுவாள். "அங்கிள், உங்க கால் ஓகே. ரப்பருக்குத்தான் டாக்டர் வேணும்."

இளைத்துப்போன கால்

சுருளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எலாஸ்டிக்கில் வளைத்து வளைத்துத் தைத்த செம்புக் கம்பி, அவ்வளவுதான். கட்டிக்கொண்டு கதம் சாரைக் கூப்பிட்டேன். சுற்றளவு காட்டும் எண் அசையாமல் நின்றது. பெருமையில் காலை ஸ்டூலின் இரும்புக் காலோடு சாய்த்தேன். என் கணுக்கால் நொடியில் குழந்தையின் கணுக்கால் ஆகிவிட்டது. உலோகம் பக்கத்தில் வந்தால் கணக்கு மாறும் என்று படித்திருந்தேன்தான். என்னைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் கதம் சார் ஹிந்தியில் கேட்டார்: "காகா, நம்ம பேஷன்ட் எல்லாரும் இரும்பே இல்லாத வீட்டுலயா குடியிருக்காங்க?"

சுலோசனாபாயின் கொலுசு

கசார்வாடியில் என் பக்கத்து வீட்டு சுலோசனாபாய்க்கு இதயம் பலவீனம். அவருடைய டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சுருள் பட்டையைச் சோதனைக்குக் கொடுத்தேன். இரும்புக் கட்டிலில் படுக்காதீர்கள் என்று நூறு தடவை சொன்னேன். சங்கராந்தி கழிந்து, பெண்கள் வீடு வீடாகக் கூடி மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொள்ளும் ஹல்தி-குங்குமம் நடக்கிற சமயம். கறுப்புப் பட்டையோடு பெண்கள் நடுவில் உட்கார முடியாதென்று அதன் மேலேயே வெள்ளிக் கொலுசைப் பூட்டிக்கொண்டார். கால் வீங்க வீங்கக் கொலுசு சுருளை இறுக்கியது; வெள்ளியும் உலோகம்தானே. எண் இறங்கிக்கொண்டே போனது. நான் தினமும் பட்டை காட்டும் எண்ணைப் போனில் கேட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் அவர் வெறுங்காலோடு நின்றார். பேச்சு நடுவே மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்து, அவர் கணவரும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் தெளிவானார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொழுந்தன் முறை வைத்து மராட்டியில் மெதுவாகச் சொன்னார்: "பாவோஜி, செருப்பு நுழையாதப்பவே கால் வீங்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க மெஷின் பொய்யாயிடுமேன்னுதான் சொல்லல."

சுருளையே தேர்ந்தெடுத்தேன். பட்டையைக் கொலுசுக்கு எட்டாமல் கெண்டைக்காலுக்கு ஏற்றினோம். உலோகம் நெருங்கினால் எண் காட்டாமல் சிவப்பு விளக்கு எரியும்படி பிரியா மாற்றிவிட்டாள். ரப்பரின் பொய்க்கும் கம்பியின் பொய்க்கும் இப்படி ஏதோ வழி இருக்கிறது. எனக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொள்கிறவர்களுக்கு எந்தச் சுருளைச் சுற்றுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.