தண்ணீர் பாட்டிலில் ஆசிட்

இன்று காலை திருத்தணி பஸ் ஸ்டாண்டில், பள்ளிப்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண், "தலை சுத்துதுக்கா, கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்றாள்.

என் பாட்டில் காலி. முன் சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பையில் தண்ணீர் பாட்டில் தெரிந்தது. அவசரத்தில் கேட்காமலே எடுத்து நீட்டினேன்.

மூடியைத் திறந்தவள் நெடி தாங்காமல் முகத்தைத் திருப்பினாள். சில துளி கையில் சிந்தியது. எரியுது என்று அலறினாள்.

முன் சீட்டுக்காரர் பதறி எழுந்தார். "ஐயோ, அது பாத்ரூம் கழுவுற ஆசிட்மா! பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடைல இப்படித்தான் ஊத்திக் குடுத்தாங்க."

பின் சீட்டு அம்மா தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிக் கழுவினார். நல்லவேளை, எரிச்சலோடு போயிற்று.

அவள் ஒரு வாய் குடித்திருந்தால்?

பஸ்ஸை விட்டுவிட்டு நேராக அந்தக் கடைக்குப் போனேன்.

"ஒரு பேர் எழுதி ஒட்டக்கூடாதா?"

"இருவது வருஷமா இப்படித்தாங்க குடுத்துகினு வரேன். வாங்குறவனுக்குத் தெரியாதா?"

"ஆசிட் விக்க லைசென்ஸ் வேணுமே, இருக்கா?"

"ஆங்? ஆசிட்டுக்கு லைசென்ஸா?" என்று சிரித்தபடி, அடுத்தவருக்கு ஜூஸ் பாட்டிலில் ஊற்றினார்.

கேட்காமல் எடுத்தது என் தப்புதான். ஆனால் விஷத்தைக் குடிதண்ணீர் மாதிரி விற்பது யார் தப்பு?

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் ஊரில் ஆசிட் எந்த ஜூஸ் பாட்டிலில் வருகிறது? சொல்லுங்கள், எதையெல்லாம் குடிக்கக்கூடாது என்று தெரிந்துகொள்கிறேன்.