ஜூஜூவாடி சாலையில் நின்ற கார்

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். நான் ஜுலேகா, பாகலூர்க்காரி. மேடைப் பேச்செல்லாம் எனக்கு வராது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆயுத பூஜை கழிந்த மறு வாரம், விடிந்ததும் எனக்கு வலி கண்டது. மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் பெண்கள், வீட்டிலேயே பிறந்தவர்கள். இதுவும் அப்படித்தான் என்று தைரியமாக இருந்தேன். மருத்துவச்சி ராமக்கா வந்து பார்த்தாள். பார்த்தவளுடைய முகம் கறுத்துப்போயிற்று. தலை வரவேண்டிய இடத்தில் குழந்தையின் கை வந்திருந்தது.

“இது என்னால ஆகாதும்மா. பெங்களூருக்குக் கொண்டு போங்க. அறுத்துத்தான் எடுக்கணும்” என்றாள்.

என் வீட்டுக்காரர் காதர் கார் மெக்கானிக். ஊர் ரெட்டியாரின் காரை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டார். “கேக்கறதுக்கு என்னடா இருக்குது, எடுத்துக்கிட்டுப் போ” என்று ரெட்டியார் சாவியைக் கொடுத்துவிட்டார். பின் சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். ராமக்கா கீழே குந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். கார் கிளம்பியபோது என் உயிரும் பிள்ளையின் உயிரும் அந்த வண்டியில்தான் இருந்தன.

ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடி கிட்டே போகும்போது இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. உச்சி வெயில். மைசூர் எல்லை கண்ணுக்கெட்டிய தூரம். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்து என்னை எட்டிப் பார்த்தார். மாட்டு வண்டியில் பெங்களூர் போய்ச் சேர முடியாது என்று அவருக்கும் தெரிந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காரில் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து அனுப்பும் பம்பு பின்பக்கம், டிக்கிக்குள் இருந்தது. பேட்டரி கரண்டில் ஓடும். சாவி போட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும். அன்றைக்குச் சத்தமே இல்லை. அவர் டிக்கியைத் திறந்தார். ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் வைத்திருப்பார். ஒன்றைப் பம்புக்குக் கரண்ட் வரும் இடத்திலும் மற்றதை வண்டியின் இரும்பிலும் வைத்தார். பல்பு எரிந்தது.

“கரண்ட் வருது. பம்புதான் போச்சு” என்றார்.

ஸ்பேனரால் பம்பைத் தட்டினார். டிக் டிக் என்றது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. இன்னொரு தரம் தட்டினார், அதே கதை. உள்ளே கரண்டைத் தொட்டு விடுகிற முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துத் தேய்க்க வேண்டும் என்று சொன்னார். ரோட்டோரத்தில் பம்பைப் பிரித்து மாட்டுவது எவ்வளவு நேரத்து வேலை என்று மெக்கானிக் பெண்டாட்டிக்குத் தெரியாதா? “ஏமி காதம்மா, ஒண்ணும் ஆகாது” என்று ராமக்கா தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். ஆனால் அழுதுகொண்டே சொன்னாள்.

காலையிலிருந்து ஓதிக்கொண்டிருந்த துஆவெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. நான் சண்டைக்காரி. அல்லாஹ்விடமும் சண்டைதான் போட்டேன். “யா அல்லாஹ், என்னை ரோட்டுலயா சாகடிக்கப் போற? எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். இந்த வண்டிய மட்டும் நகத்து” என்று வாய்விட்டுக் கத்தினேன். அப்போது ஒரு வலி வந்தது பாருங்கள், எலும்பெல்லாம் பிளப்பது போல. தாங்க முடியாமல் சீட்டுக்குப் பின்னால் டிக்கியை ஒட்டியிருந்த தகட்டை ஓங்கி உதைத்தேன்.

டிக் டிக் டிக் என்று கேட்டது.

“என்னங்க, பம்பத் தட்டுனீங்களா?”

“இல்ல ஜுலேகா. நான் பம்பக் கழட்ட ரிஞ்சு எடுக்கத் திரும்பிட்டிருந்தேன்.”

“அப்ப நான் உதைச்சதுக்குத்தான் பேசுது.”

அவர் பம்பின் மேல் குனிந்தார். பிறகு, “இன்னொருக்கா உதை” என்றார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே உதைத்தேன். மறுபடி டிக் டிக் என்றது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் எங்கள் பக்கம் எல்லா வண்டியும் வர்ணத்துக்கு வரும். எந்த மதமானாலும் மெக்கானிக்குக்கு அது ஓயாத வேலை. டிக்கிக்குள்ளும் பளபளவென்று இருக்கட்டும் என்று இவரே பம்பைக் கழற்றி, அடித்தகட்டுக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, பூஜை அவசரத்தில் அதன் மேலேயே திருப்பி மாட்டியிருந்தார். பம்புக்குள் போன கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திருப்பி அனுப்புகிற எர்த் ஒயருக்கும் இரும்புக்கும் நடுவில் புது வர்ணம். அதிர்ந்தால் தொடும், இல்லையென்றால் விட்டுவிடும். பம்பில் ஒரு குறையும் இல்லை.

கத்தியால் வர்ணத்தைச் சுரண்டினார். இரும்பு தெரிந்ததும் ஒயரை வைத்து முறுக்கினார். சாவி போட்டார். பம்பு விடாமல் அடித்தது. பெங்களூர் ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. மூச்சே இல்லாமல்தான் எடுத்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, அது மட்டும் நிச்சயம் என்றார். பிள்ளையைத் துணியில் சுற்றித் தன் கையாலேயே தூக்கிப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். வந்து என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் அடிச்ச வர்ணம் என் புள்ளயக் கொன்னுடுச்சே.”

“அந்தக் கைதான் என்னைக் கொண்டாந்து சேத்துச்சு” என்றேன். அவர் நம்பவில்லை. வெகு நாள் நம்பவில்லை. தொழுகைக்கும் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்காக நான் கேட்ட துஆ தனி. அதையும் அல்லாஹ் கேட்டான். ஒரு வெள்ளிக்கிழமை தானாக எழுந்து குளித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

ஊரில் சிலர், உன் துஆ பாதிதானே பலித்தது என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ரோட்டில் கிடந்து கேட்டவள் நான். வண்டியை நகர்த்து என்றேன், நகர்த்தினான். இன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் நானே போய் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். ஓத வரவில்லையே என்று தயங்காதீர்கள் சகோதரிகளே. உங்கள் வாயில் வருகிற வார்த்தையில் கேளுங்கள், அவனுக்குப் புரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று சின்னவள் சுபைதா ஓடிவந்து என் கையைப் பார்த்தாள்.

“தம்பி எங்கம்மா?”

“அல்லாஹ் வெச்சுக்கிட்டான்டி.”

“உன்ன?”

“என்னை உங்களுக்குக் குடுத்துட்டான்.”

அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் அவனுக்கே.